தரைக்குக் கீழே இருக்கும் செலவு: எடின்பரோ டிராமும் எங்க வீட்டு மாடியும்



போன மாசம் ஹோம் லோன் பத்தி ஒரு வீடியோ போட்டிருந்தோம். அதுக்கு அதிகமா வந்த கேள்வி ஒண்ணுதான். "இன்ஜினியர் 30 லட்சம்னு எஸ்டிமேட் கொடுத்திருக்கார். அதுக்கு மேல எவ்வளவு வெச்சுக்கணும் சார்?"

"20 சதவீதம் வெச்சுக்கோங்க"ன்னு ஒரே வரியில பதில் சொல்லிட்டுப் போயிடலாம். பல பேர் அப்படித்தான் சொல்றாங்க. ஆனா அந்த 20 எங்கிருந்து வந்ததுன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. ஒரு சிஏவா எனக்கு அந்தப் பதில்ல திருப்தி இல்லை.

இந்த விஷயத்தை எனக்குச் சரியாகப் புரியவைத்தது ஸ்காட்லாந்தின் தலைநகரமான எடின்பரோவில் ஓடும் டிராம். சிரிக்காதீங்க. அந்த ஊர்ல முதல் தடவை டிராம் பாதை போட்டப்போ, சொன்ன பாதையை முழுசா போடாமலே பட்ஜெட்டைத் தாண்டிப் போனாங்க. அதே ஊர், விட்டுப்போன கடைசி 4.69 கிலோமீட்டரை இரண்டாவது முறை கையில் எடுத்தபோது, சொன்ன பணத்துக்குள்ளேயே முடித்துக் காட்டியது. அதே மாநகராட்சி, அதே மாதிரி தண்டவாளம், அதே பழைய தெருக்கள். வித்தியாசம் எங்கேன்னு தேடினா, உங்க வீட்டு எஸ்டிமேட்டுக்கான பதில் கிடைக்கும்.

கூடவே என் கருத்தையும் இப்பவே சொல்லிடறேன். முதல் முறை கையைச் சுட்டுக்கொண்ட பிறகும் இரண்டாவது முறை செலவு பண்ணத் துணிஞ்சது சரியான முடிவு. இதை மறுப்பவர்கள் நிறைய பேர் இருக்காங்க. ஏன் சரின்னு சொல்றேன்.

முதல் முறை என்ன ஆச்சு?

டிராம்னா ரோட்டிலேயே தண்டவாளம் பதிச்சு, பஸ், காரோட சேர்ந்து ஓடற மின்சார ரயில். நம்ம சென்னையிலயும் 1895-ல் ஆரம்பிச்சு 1953 வரைக்கும் ஓடிச்சு. எடின்பரோவில் பழைய டிராம் 1956-ல் நின்றது. அரை நூற்றாண்டு கழித்து, மறுபடி கொண்டு வரலாம்னு முடிவு பண்ணாங்க.

முக்கியமான பாதை, விமான நிலையத்திலிருந்து நகரத்தின் மையம் வழியாக லீத் என்ற துறைமுகப் பகுதியைத் தொட்டு, கடலோரத்தில் இருக்கும் நியூஹேவன் வரை. சுமார் 18.5 கிலோமீட்டர். திட்டத்தை நடத்த மாநகராட்சி தனக்குச் சொந்தமாக 'டை' என்ற நிறுவனத்தை உருவாக்கியது. 2003-ல் ஸ்காட்லாந்து அரசு 37.5 கோடி பவுண்டு தருவதாகச் சொன்னது. 2007-ல் ஆட்சி மாறியது. புதிய அரசு திட்டத்தையே நிறுத்தப் பார்த்தது. நாடாளுமன்றத்தில் தோற்றுப்போய், "50 கோடி பவுண்டு தருவோம், அதுக்கு மேல ஒரு பைசா கிடையாது" என்று சொல்லிவிட்டது. மாநகராட்சி பங்கு 4.5 கோடி. மொத்தம் 54.5 கோடி பவுண்டு.

கடைசியில் நடந்தது என்ன? 2011-ல் ஓட வேண்டிய டிராம் 2014 மே 31-ல் தான் ஓடியது. 18.5 கிலோமீட்டருக்குப் பதிலா 14 கிலோமீட்டர். நகர மையத்தில் யார்க் பிளேஸ் என்ற இடத்தோட நின்னுடுச்சு. செலவு 77.6 கோடி பவுண்டு. கூடுதல் பணத்துக்காக மாநகராட்சி வாங்கின கடனுக்கு 30 வருஷ வட்டியையும் சேர்த்தால் 100 கோடி பவுண்டைத் தாண்டும்.

இதுல எனக்கு ரொம்ப வலிக்கிற விஷயம், வெட்டின பகுதி எதுங்கறதுதான். ஸ்காட்லாந்திலேயே மக்கள் மிக நெருக்கமாக வாழும் பகுதிகளில் ஒன்று லீத் வாக் தெருவும் அதைச் சுற்றியுள்ள இடங்களும். தினமும் டிராம் ஏறக்கூடிய ஜனம் அங்கேதான் இருக்கு. அதை விட்டுட்டு ஏர்போர்ட் பக்கம் மட்டும் கட்டினாங்க. கல்யாண பட்ஜெட் இடிக்குதுன்னு மேடை அலங்காரத்தை வெச்சுக்கிட்டு பந்தியைக் குறைச்ச மாதிரி.

இன்னொரு கூத்து. முழுப் பாதைக்கும் சேர்த்து 27 டிராம் வண்டிகளை முன்னாடியே ஆர்டர் பண்ணிட்டாங்க. பாதை பாதியில நின்னதால, வந்த வண்டிகளில் பலவற்றுக்கு வேலையே இல்லை. கொஞ்சத்தை வேற ஊருக்கு வாடகைக்கு விட முடியுமான்னு கூடப் பார்த்தாங்க.

எங்க வீட்டு மொட்டை மாடி

இந்த 27 வண்டி கதையைப் படிச்சப்போ எனக்கு எங்க வீட்டு மொட்டை மாடிக் கம்பிகள் ஞாபகம் வந்தது.

2009. நான் அப்போ ஆர்ட்டிகல்ஷிப்ல இருந்தேன். மதுரைக்கு வெளியே, முன்பு விவசாய நிலமாக இருந்த ஒரு பிளாட்டில் அப்பா வீடு கட்ட ஆரம்பித்தார். கீழ 1,000 சதுர அடி, மேல 700 சதுர அடி. மெட்டீரியலோட சேர்த்து சதுர அடிக்கு 1,050 ரூபாய். மொத்தம் 17.85 லட்சம். "ஃபிக்ஸட் ரேட்டுப்பா, ஒரு ரூபா கூடாது"ன்னு அப்பா பெருமையா சொன்னது இன்னும் காதுல இருக்கு.

கடைக்கால் தோண்டின மூணாவது நாள், வடகிழக்கு மூலையில மண் உள்வாங்கிச்சு. பார்த்தா பழைய பாசனக் கிணறு. எப்பவோ குப்பையும் மண்ணும் போட்டு மூடி வெச்சிருக்காங்க. ஒப்பந்தக் காகிதத்தை எடுத்துப் பார்த்தோம். கடைசிப் பக்கத்துல ஒரு வரி: "கடைக்கால் 5 அடி ஆழம் வரை. அதற்கு மேல் ஆகும் வேலை தனி." அந்த ஒரு வரி எங்களுக்கு நாலு லட்சத்துக்கு மேல் செலவு வைத்தது. அதுக்குள்ள சிமென்ட் விலையும் ஏறிடுச்சு. 16 லட்சத்துல கீழ்த்தளம் மட்டும் முடிஞ்சது. மாடி அப்படியே நின்னுடுச்சு. "அடுத்த வருஷம் போட்டுக்கலாம்"னு தூண் கம்பிகளை நீட்டி விட்டாங்க. நம்ம ஊர்ல பாதி வீட்டு மொட்டை மாடியில இந்தக் கம்பிகளைப் பார்க்கலாம். ஒவ்வொண்ணும் ஒரு 'டை' நிறுவனக் கதைதான்.

அப்பா 58-ல் ஓய்வு பெற்றார். லோன் முடியலை. ஒரு மொத்த வியாபாரக் கடையில கணக்கு எழுதப் போனார். 66 வயசு வரைக்கும். தப்பு மேஸ்திரி மேலயா, காண்ட்ராக்டர் மேலயான்னு நாங்க பல வருஷம் பேசியிருக்கோம். இப்போ யோசிச்சா, காகிதத்தில் இருந்ததை அவர்கள் செய்தார்கள். காகிதத்தை நாங்கதான் சரியாப் படிக்கலை.

'ஃபிக்ஸட் பிரைஸ்'னா என்ன அர்த்தம்?

எடின்பரோவிலும் இதேதான், சில கோடி பவுண்டு பெரிய அளவில்.

2008 மே மாதம், ஜெர்மனியின் பில்ஃபிங்கர் பெர்கர், சீமென்ஸ், ஸ்பெயினின் காஃப் ஆகிய நிறுவனங்கள் அடங்கிய கூட்டணியோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. பெரும்பகுதி நிலையான விலை என்றுதான் வெளியே சொல்லப்பட்டது. ஆனால் ஒப்பந்தத்துக்குள் ஒரு அட்டவணை இருந்தது. "இந்த விலை, கீழ்க்கண்ட அனுமானங்கள் உண்மையாக இருந்தால் மட்டும்" என்று ஒரு பட்டியல். டிசைன் இதுக்கு மேல மாறாது, பூமிக்கு அடியில் இருக்கும் குழாய்களும் கேபிள்களும் முன்கூட்டியே அகற்றப்பட்டிருக்கும் என்பது போன்ற அனுமானங்கள். ஒண்ணு தப்பினாலும் விலை மாறும்.

கையெழுத்து போடும் நாளிலேயே டிசைன் முடியவில்லை. 2007 ஜூலையில் ஆரம்பித்த குழாய், கேபிள் மாற்றும் வேலையும் பின்தங்கி இருந்தது. பல நூற்றாண்டுப் பழைய ஊர். ரோட்டுக்குக் கீழே குடிநீர், சாக்கடை, கேஸ், மின்சாரம், டெலிபோன்னு என்னென்ன ஓடுதுன்னு முழுசா எந்த வரைபடத்திலும் இல்லை. தோண்டினா ஒண்ணு வரும். அதை மாத்திட்டு மூடுவாங்க. மறுபடி வேற வேலைக்கு அதே இடத்தைத் தோண்டுவாங்க. 2009 பிப்ரவரியில் ஊரின் பிரதான தெருவான பிரின்சஸ் ஸ்ட்ரீட்டில் வேலை தொடங்கவேண்டிய நேரத்தில் பணத்தகராறு முற்றி வேலை நின்றே போனது. 2011 மார்ச்சில் மத்தியஸ்தம் பேசி, புது ஒப்பந்தம் போட்டு, பாதையைச் சுருக்கி முடித்தார்கள்.

பிறகு இதை விசாரிக்க 2014-ல் ஹார்டி பிரபு தலைமையில் ஒரு விசாரணை அமைத்தார்கள். 9 வருஷம் நடந்து, 2023 செப்டம்பரில் அறிக்கை வந்தது. விசாரணைக்கே சுமார் 1.3 கோடி பவுண்டு செலவு. டை நிறுவனம், மாநகராட்சி, ஸ்காட்லாந்து அமைச்சர்கள் என மூன்று தரப்பையும் அது குறை சொன்னது. நடந்த தவறுகள் தவிர்த்திருக்கக் கூடியவை என்பதே அதன் சாரம். ஓட்டுப் போடும் கவுன்சிலர்களுக்கே உண்மை நிலவரம் முழுசா சொல்லப்படவில்லை.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க. உங்க கையில் இருக்கும் எந்த 'ஃபிக்ஸட்' காகிதத்தையும் எடுத்துப் பாருங்க. மாடுலர் கிச்சன் கொட்டேஷன், இன்டீரியர் பேக்கேஜ், கல்யாண மண்டபம், எதுவா இருந்தாலும் சரி. விலை இருக்கும் பக்கத்தை நாம மூணு தடவை படிப்போம். "இதில் சேராதவை" என்று இருக்கும் பக்கத்தைப் படிக்கவே மாட்டோம். உண்மையான விலை அந்தப் பக்கத்துலதான் இருக்கு.

அடுத்தவங்க கணக்கு

சரி, முன்கூட்டியே யாருக்கும் தெரியாதா? தெரிஞ்சது. இதுதான் இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி.

அந்த நேரத்தில் எடின்பரோ இரண்டு டிராம் பாதைகளைத் திட்டமிட்டுக் கொண்டிருந்தது. அதில் லைன் 2 என்ற பாதைக்கு டை போட்ட அடிப்படை மதிப்பீடு 25.5 கோடி பவுண்டு. எதிர்பாராத செலவுக்கு 6.4 கோடி, அதாவது 25 சதவீதம் சேர்த்து, சுமார் 32 கோடி என்றார்கள். கேட்க ரொம்ப நியாயமாத்தான் இருக்கு இல்லையா? நாம சொல்ற 20 சதவீதத்தைவிட அதிகம்.

2004-ல் ஓவ் அரூப் நிறுவனம் அதை மறுபரிசீலனை செய்தது. அவர்கள் இந்தத் திட்டத்தின் வரைபடத்தையே அதிகம் நோண்டவில்லை. பெண்ட் ஃப்ளூபியர் என்ற டேனிஷ் பேராசிரியர் உருவாக்கிய ஒரு முறையைப் பயன்படுத்தினார்கள். இதே மாதிரி ஏற்கெனவே கட்டி முடித்த 46 ரயில் திட்டங்களை எடுத்து, ஆரம்பத்தில் என்ன சொன்னார்கள், கடைசியில் என்ன ஆனது என்று பார்த்தார்கள். அந்த வரலாற்றின்படி, செலவு பட்ஜெட்டைத் தாண்டாமல் இருக்க 80 சதவீத வாய்ப்பு வேண்டுமானால் 40 கோடி பவுண்டு ஒதுக்க வேண்டும். அதாவது அடிப்படை மதிப்பீட்டுக்கு மேல் 57 சதவீதம்.

லைன் 2 அந்த வடிவத்தில் முழுசா கட்டப்படவே இல்லை. அதனால 40 கோடி சரியா தப்பான்னு நேரடியா சோதிக்க முடியாது. ஆனா எச்சரிக்கை மணி 2004-லயே அடிச்சாச்சு. கேட்டவங்க காதுல ஏறலை.

இந்த முறையை நான் தமிழ்ல "அடுத்தவங்க கணக்கு"ன்னு சொல்வேன். நம்ம திட்டத்தை நாமே பார்த்து எஸ்டிமேட் போட்டா, நமக்குத் தெரிந்த செலவுகள் மட்டும்தான் அதில் வரும். எங்க கிணறு அப்பாவோட எஸ்டிமேட்ல எப்படி வரும்? அது இருக்கறதே அவருக்குத் தெரியாதே. ஆனா அதே நகர்ல அதுக்கு முன்னாடி கட்டின நாலு பேரை கேட்டிருந்தா, "கடைக்கால்லயே பணம் போயிடும்பா, உஷாரா இரு"ன்னு சொல்லியிருப்பாங்க. எந்தச் செலவு வரும்னு தெரியாவிட்டாலும், மொத்தத்தில் எவ்வளவு எகிறும்னு அடுத்தவங்க அனுபவத்துக்குத் தெரியும்.

இரண்டாவது முறை: 4.69 கிலோமீட்டர்

இப்போ லீத் பகுதிக்கு வருவோம். 14 கிலோமீட்டர் ஓடுது. 27 வண்டி நிக்குது. விட்டுப்போன பகுதியை முடிக்கலாமா?

விசாரணை இன்னும் முடியலை. ஊர்ல பாதி பேர் "பட்டது போதும்"னு சொன்னாங்க. விசாரணை அறிக்கை வரும்வரை ஒரு அடிகூட நகரக் கூடாது என்று பலர் வாதிட்டார்கள். முதலில் 16.52 கோடி பவுண்டு என்று போட்ட மதிப்பீடு, இறுதித் திட்டத்தில் 20.73 கோடியாக உயர்ந்தது. எதிர்ப்பாளர்களுக்கு இது அல்வா சாப்பிட்ட மாதிரி. "பாருங்க, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே 25 சதவீதம் ஏத்திட்டாங்க!"

நான் இதைத் தலைகீழாகப் பார்க்கிறேன். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஏறின எஸ்டிமேட் நல்ல எஸ்டிமேட். டெண்டர் விலை வந்த பிறகு, ரிஸ்க்குக்கும் நம்ம சொந்த நம்பிக்கை மிகைக்கும் ஒதுக்கீடு வைத்து, கெட்ட செய்தியை ஓட்டெடுப்புக்கு முன்னாடியே மேஜை மேல வெச்சாங்க. முதல் முறை அந்தக் கெட்ட செய்தி பாதி ரோட்டைத் தோண்டின பிறகு வந்தது. தோண்டின ரோட்டோட நிக்கறவனுக்கு பேரம் பேச என்ன பலம் இருக்கு?

2019 மார்ச்சில் மாநகராட்சி ஒப்புதல் கொடுத்தது. அதே வருஷம் நவம்பரில் வேலை ஆரம்பம். இந்த முறை மாற்றியது முக்கியமா இரண்டு.

ஒண்ணு, ஒரே தோண்டல். தெருவின் ஒரு பகுதியை மூடினா, குழாய் மாத்தறது, கேபிள் மாத்தறது, தண்டவாளம் போடறது, ரோட்டை மூடறது எல்லாத்தையும் அந்த ஒரே அடைப்பில் முடிப்பது. மூடிட்டு மறுபடி வந்து தோண்டற வேலை கிடையாது.

இரண்டு, தரைக்குக் கீழே இருப்பதைக் கையாள ஒரு தனி ஒப்பந்தம். டிராம் கட்டும் நிறுவனங்கள் ஒரு பக்கம். அவர்கள் வழியில் வரும் தடைகளை அகற்ற மட்டும் வேறொரு நிறுவனம். கிணறு இருக்கும்னு எடுத்துக்கிட்டே வேலையை ஆரம்பிக்கிறது.

கிணறு இல்லை, கல்லறையே வந்தது. லீத்தில் கான்ஸ்டிடியூஷன் ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய தேவாலயத்தின் வாசலில், ரோட்டுக்குக் கீழே, 360-க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள். இடைக்காலம் முதல் 17-ஆம் நூற்றாண்டு வரை புதைக்கப்பட்டவர்கள். முதல் திட்டத்தின்போதே 2009-ல் அதே இடத்தில் எலும்புகள் கிடைத்திருந்தன. அதனால் இந்த முறை தொல்லியல் குழு முன்கூட்டியே திட்டமிட்டுத் தோண்டியது. ஆச்சரியமா வரவேண்டிய செலவு, அட்டவணையில் ஒரு வேலையா வந்தது.

நடுவில் கோவிட். சில மாதம் வேலை நின்றது. அப்படியும் 2023 ஜூன் 7-ல், எட்டு புது நிறுத்தங்களோடு, 20.73 கோடி பவுண்டு பட்ஜெட்டுக்குள் டிராம் நியூஹேவன் போய்ச் சேர்ந்தது. முதல் திட்டத்தின் விசாரணை அறிக்கை வெளியானது அதற்கு மூணு மாசம் கழிச்சு! "அறிக்கை வரட்டும்"னு காத்திருந்தா, இன்னிக்கும் அந்த வண்டிகள் ஷெட்ல நின்னிருக்கும்.

போன பணம் இரண்டு பக்கமும் வெட்டும்

'சங்க் காஸ்ட்' பத்தி நம்ம சேனல்ல பேசியிருக்கோம். போன பணம் போனதுதான், அதைத் திருப்பி எடுக்கறதுக்காக இன்னும் பணத்தைக் கொட்டாதேன்னு. நஷ்டத்துல இருக்கற ஷேரை ஆவரேஜ் பண்றவங்களுக்கு அதைத்தான் சொல்றோம்.

ஆனா இதே விதிக்கு இன்னொரு முகம் இருக்கு. போன பணத்தை நினைச்சுப் பயந்து, நல்ல முடிவையும் எடுக்காம இருக்கறதும் அதே தப்புதான். 2019-ல் எடின்பரோ முன்னால் இருந்த கேள்வி, "77.6 கோடி வீணாச்சே"ங்கறது இல்லை. அந்தப் பணம் எந்த முடிவெடுத்தாலும் திரும்பி வராது. கேள்வி, "இன்னும் 20.73 கோடி போட்டா, இன்னிக்குத் தேதியில என்ன கிடைக்கும்?" கிடைத்தது: ஊரிலேயே நெருக்கமான பகுதிக்கு ஒரு பாதை, சும்மா நின்ற வண்டிகளுக்கு வேலை. 2019-ல் வருஷத்துக்கு சுமார் 75 லட்சம் பயணங்கள் இருந்த டிராமில், 2024-ல் சுமார் 1.2 கோடி பயணங்கள்.

நியாயமா எதிர்ப்பக்கத்தையும் சொல்லணும். முதல் கட்டத்துல கிலோமீட்டருக்குச் சுமார் 5.5 கோடி பவுண்டு, நீட்டிப்புல 4.4 கோடி. பார்க்க அழகா இருக்கு. ஆனா நீட்டிப்புக்கு வண்டியும் டெப்போவும் வாங்க வேண்டியிருக்கலை. அது முதல் கட்டத்தின் கணக்குல ஏற்கெனவே ஏறியாச்சு. அதனால இந்த ஒப்பீட்டை வெச்சு யாராவது மார்தட்டினா நம்பாதீங்க. இன்னொண்ணு, இந்த 20.73 கோடியை மாநகராட்சி பெரும்பாலும் கடனாகத்தான் திரட்டியது. வருங்கால டிக்கெட் வருமானத்தில் அடைக்க வேண்டும். கோவிட் மாதிரி இன்னொண்ணு வந்தா அந்தக் கணக்கு ஆடும்.

மூணாவது, தெருக் கடைக்காரர்கள். வாசல்ல தடுப்பு நிக்கறப்போ வியாபாரம் படுக்கும். கடைகளுக்கு உதவ மாநகராட்சி ஒரு நிதி வைத்தது உண்மை. ஆனா ஒரு சின்னக் கடை இழக்கற வாடிக்கையாளர் எந்த பட்ஜெட் அறிக்கையிலும் வரமாட்டார். "பட்ஜெட்டுக்குள் முடிந்தது"ன்னா கட்டினவங்க கணக்குல முடிந்ததுன்னு அர்த்தம். எங்க வீட்டுக் கணக்குலயும் அப்பா கூடுதலா வேலை பார்த்த எட்டு வருஷம் எங்கேயும் எழுதப்படலை.

இதையெல்லாம் கழிச்ச பிறகும் என் முடிவு மாறலை. பெரிய தப்புக்குப் பிறகு சின்ன அளவில், நேர்மையான எண்ணோடு மறுபடி முயற்சிக்கறதுதான் அந்தத் தப்பிலிருந்து கற்றுக்கொண்டதுக்கு அடையாளம். ஒண்ணுமே செய்யாம இருக்கறது பாதுகாப்பு மாதிரி தெரியும். அதுக்கும் ஒரு செலவு இருக்கு, பில் வராது, அவ்வளவுதான்.

நான் என்ன பண்ணினேன்

போன வருஷம் மாடி கட்டலாம்னு வீட்டுல பேச்செடுத்தேன். அப்பா ஒரே வார்த்தை. "வேண்டாம்ப்பா. பட்டது போதும்."

நான் வாதாடலை. ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கிட்டு எங்க நகர்ல கடந்த நாலு வருஷத்துல மாடி கட்டின அஞ்சு பேர் வீட்டுக்குப் போனேன். ரெண்டே கேள்வி. முதல்ல என்ன சொன்னாங்க? கடைசியில என்ன ஆச்சு? காபியோட பதிலும் கிடைச்சது. கூடுதலா ஆன சதவீதம்: 8, 18, 22, 30, 45.

எங்க இன்ஜினியர் எஸ்டிமேட் 22 லட்சம். அஞ்சு பேர்ல நாலு பேர் 30 சதவீதத்துக்குள்ள முடிச்சிருக்காங்க. அதனால நான் எடுத்துக்கிட்ட எண் 28.6 லட்சம். அஞ்சு வீடுங்கறது ரொம்பச் சின்ன சாம்பிள்தான், 46 ரயில் திட்டம் மாதிரி கிடையாது. ஆனா எங்கிருந்தோ வந்த 20 சதவீதத்தைவிட இது எங்க தெருவோட உண்மை.

மொட்டை மாடிக் கம்பிகளையும் இன்ஜினியர் பார்த்தார். துருப்பிடித்த பகுதியை வெட்டிட்டு புதுக் கம்பி சேர்க்கணும்னு சொல்லி அதையும் எஸ்டிமேட்ல எழுதிட்டார். கேட்டதால எழுதினார். கேட்காம விட்டிருந்தா வேலை நடுவுல வந்திருக்கும்.

வித்தியாசம் 6.6 லட்சம். மாசம் 40,000 ரூபாய் ஆர்டி, 16 மாசம். வட்டியோட சேர்த்தா வந்துடும். அந்தப் பணம் கைக்கு வந்த பிறகுதான் முதல் செங்கல். லோன் 22 லட்சத்துக்கு மேல ஒரு ரூபாய்கூட இல்லை. இதை ஏன் ஈக்விட்டி ஃபண்டுல போடலைன்னு கேட்பீங்க. 16 மாசத்துல தேவைப்படற பணத்துக்கு அது இடமில்லை. 16 மாசம் முடியறப்போ 28.6 கிடைக்கலைன்னா, அல்லது அப்போ ரேட் ஏறியிருந்தா, மறுபடி அதே நோட்டை எடுத்துக்கிட்டு தெருவுல இறங்குவேன்.

நீங்க பண்ண வேண்டியது

வீடு, இன்டீரியர், கல்யாணம், வெளிநாட்டு எம்எஸ், எதுவா இருந்தாலும் கையெழுத்துக்கு முன்னாடி இந்த நாலு கேள்வி:

1. இதே மாதிரி ஏற்கெனவே செஞ்ச அஞ்சு பேருக்கு, சொன்னது என்ன, ஆனது என்ன? அவங்களா தேடி வந்து சொல்ற ஆட்களை விட்டுட்டு, நீங்களா போய்க் கேளுங்க.

2. "இதில் சேராதவை" பக்கத்தில் என்ன இருக்கு? அந்தப் பக்கமே இல்லைன்னா, எழுதித் தரச் சொல்லுங்க.

3. பணம் பாதியில் தீர்ந்தா எந்தப் பகுதியை வெட்டுவீங்க? இதை இன்னிக்கே முடிவு பண்ணுங்க. இல்லைன்னா லீத் மாதிரி, எது ரொம்பத் தேவையோ அது முதல்ல வெட்டுப்படும்.

4. பின்னாடி வரப்போறதுக்காக இப்பவே என்ன வாங்கறீங்க? 27 வண்டி, மொட்டை மாடிக் கம்பி. அந்தப் 'பின்னாடி'க்குத் தேதி இருக்கா?

எடின்பரோவில் இப்போ அடுத்த பாதை பத்திப் பேச்சு ஓடுது. வடக்கே கிரான்டன் என்ற பகுதிக்கு. எந்தத் தெரு வழியா போகணும்னு மக்கள் சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க. போடட்டும். ரோட்டைத் தோண்டறதுக்கு முன்னாடி போடற சண்டை ரொம்ப மலிவு.

எங்க வீட்டுலயும் அப்படித்தான். அஞ்சு வீட்டுக் கணக்கை அப்பா முன்னாடி வெச்சேன். அவர் பழைய கணக்குப்பிள்ளை ஆச்சே, கண்ணாடியை மாட்டிக்கிட்டு ஒவ்வொரு வரியா பார்த்தார். கடைசியில, "அந்த 45 சதவீதம் ஆனவன் யாருப்பா? அவனுக்கு என்ன ஆச்சுன்னு முதல்ல கேளு"ன்னார். அடுத்த ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் சேர்ந்தே போனோம்.

உங்க தெருவோட கணக்கு என்ன சொல்லுதுன்னு கமெண்ட்ல எழுதுங்க. சொன்னது எவ்வளவு, ஆனது எவ்வளவு, ரெண்டு எண் போதும். நூறு பேர் எழுதினா, எல்லாத்தையும் தொகுத்து ஒரு வீடியோ போடறேன். அடுத்து வீடு கட்டப்போற யாரோ ஒருத்தருக்கு அதுதான் முதல் எஸ்டிமேட்.